காப்பிக் கோப்பையால் தள்ளிப்போன கல்யாணம்

ராஸ் கதீர்,
ஷஅபான் மாத வளர்பிறை.

முஹர்ரக் நகரில் முத்து வணிகம் புரிபவரும், கண்ணியமும் பெருந்தன்மையும் ஒருசேர வாய்த்தவரும், இறைவன் நாடினால் விரைவில் என் சம்பந்தி ஆகப்போகிறவருமான ஹாஜி துவைஜ் பின் ஜாசிம் அவர்களின் சமூகத்துக்கு, மத்தர் பின் உபைத் பணிவுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் வீட்டாரும், ஒட்டகங்களும், போன மாதம் குட்டி போட்ட ஆடும் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளை கானிமும் நலமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். தங்கள் கடிதம் கிடைத்தது. முத்துக்குளிக்கும் படகுகள் கடலுக்குப் போவதற்குள் பெண் வந்து சேராவிட்டால் தங்கள் துணைவியாரின் ஒன்றுவிட்ட தங்கை மகள் தயாராக இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் ஷம்ஸாவின் தாய் அந்த வரியைக் கேட்டு அன்றைக்குச் சோறே வடிக்கவில்லை.

ஹாஜியார் அவர்களே, தாமதம் எங்கள் பக்கத்துக் குற்றமல்ல. பெண் தயார். பட்டும் நகையும் தயார். தங்களுக்கென்று வைத்திருக்கும் ஹல்வாவை நான் திருட்டுத்தனமாக ருசி பார்த்ததால் அது மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கல்யாணம் தள்ளிப்போனதற்குக் காரணம் ஒரு காப்பிக் கோப்பை. சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் ஷேக் ஹிலாலைத் தங்களுக்குத் தெரியும், என் சிறிய தந்தையின் மகன். ஜப்பான்காரன் சிப்பிக்கு ஊசி போட்டு முத்து விளைவிக்கத் தொடங்கியதிலிருந்து அவர் கஜானாவில் பல்லி குடியிருக்கிறது. இந்த நேரத்தில் எங்கள் மணலுக்குள் எண்ணெய் இருக்கலாம் என்று ஆங்கிலேயர் கண்டுபிடித்தார்கள். ஷேக்குக்கு ஒரே சந்தோஷம். அமெரிக்காக்காரன் ஒருவன் கூடுதல் விலை தருவதாகச் சொல்லியனுப்பினான். உடனே, வளைகுடாவில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியான அரசியல் துரை கப்பலில் வந்து இறங்கி, ஷேக்கின் தந்தையார் எப்போதோ கைநாட்டு வைத்த பழைய பத்திரத்தை விரித்தார். பிரிட்டிஷார் கைகாட்டும் ஆளுக்குத் தவிர வேறு யாருக்கும் எண்ணெய் உரிமை கொடுக்கக்கூடாதாம். அதாவது எண்ணெய் எங்களுடையது, அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர்களுடையது. அவர்கள் கைகாட்டிய கம்பெனியோ, பழைய பாய்மரத்துக்கு விலை பேசுவதுபோல் பேசியது.

மறுக்கவும் முடியாது, இணங்கவும் மனமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆட்சியாளர் என்ன செய்வார்? நோயில் விழுவார். கம்பெனி ஆள் பென்ராஸ் துரை வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "ஷேக்குக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். காய்ச்சல், முதுகுவலி, பல்வலி எல்லாம் சொன்னேன். என்றோ பிடுங்கிப் போட்ட பல்லுக்கே மறுபடியும் வலி வந்துவிட்டதென்று சொன்னபோது பென்ராஸ் துரை ரொம்ப வருத்தப்பட்டு ஒரு சீசா மருந்து அனுப்பினார். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். வெயிலில் சிவந்த முகத்தோடு எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார்.

கடைசியில் ஒருநாள் சாக்குகள் தீர்ந்துபோய், ஷேக் அவரை மஜ்லிஸ் கூடத்தில் உட்கார வைத்துத்தான் ஆகவேண்டியதாயிற்று. ஷேக்கின் காப்பிக்காரன் மர்ஹூன் காப்பி ஊற்றினான். துரை குடித்தார். மர்ஹூன் மறுபடி ஊற்றினான். துரை மறுபடி குடித்தார். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்கவேண்டும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. கையால் மறுத்தால் அவமரியாதை என்று யாரோ பயமுறுத்தி அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. மர்ஹூனும் விடுகிற ஆளா? ஆட்டாத கோப்பையை நிரப்பாமல் விட்டால் அவன் வம்சத்துக்கே இழுக்கு. துரையின் நெற்றியில் வியர்வை. கண் பிதுங்குகிறது. கடைசியில், நிறைந்த கோப்பையை வாயில் வைக்காமல் மெல்லக் கம்பளத்தின்மேல் வைத்துவிட்டார்.

ஹாஜியார் அவர்களே, தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விருந்தாளி காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால், 'என்னிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறது, அதைக் கொடுத்தால்தான் குடிப்பேன்' என்று பொருள். கொடுக்காமல் அனுப்பினால் அந்த வீட்டு ஆண்பிள்ளை பிறகு மீசை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அத்தனை வருடமாகக் கேட்டு நடக்காத கையெழுத்தை இந்த ஆள் ஒரே கோப்பையில் வாங்கப்போகிறான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"மத்தரு, இவனுக்கு யாருடா இதைச் சொல்லிக் குடுத்தது?" என்று ஷேக் என் காதோரம் பல்லைக் கடித்தார்.

"சத்தியமா நானில்ல. சாதுன்னு நெனச்சா இப்படிக் கழுத்தறுக்கிறானே!" என்றேன்.

ஷேக் வெளிறிப்போய், ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, "குடிங்க விருந்தாளியே, கேட்டது கெடைச்சாச்சு. என்ன வேணும், சொல்லுங்க" என்றார். புஷஹர் ஊர்க்காரரான மிர்ஸா காஸிம், துரையின் மொழிபெயர்ப்பாளர், அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் முகத்தில் அப்படியொரு நன்றி. ஏதோ கெஞ்சுவதுபோல் நாலு வார்த்தை சொன்னார்.

மிர்ஸா காஸிம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "தயவுசெஞ்சு இனிமே எனக்குக் காப்பி ஊத்த வேணாம்னு கேக்குறாரு."

ஷேக்கின் முகத்தில் விடிந்ததே ஒரு விடியல்! துள்ளி எழுந்து, தாடியைப் பிடித்து, "வல்லாஹி! இன்னிலேருந்து என் மண்ணுல எவனும் இந்த மனுஷனுக்குக் காப்பி ஊத்த மாட்டான்!" என்று சத்தியமே செய்துவிட்டார்.

அங்கே தொடங்கியது என் கஷ்டகாலம். மறுநாள் பென்ராஸ் துரை பத்திரத்தோடு வந்தார். வந்தவருக்குக் காப்பி ஊற்றாமல் பேச்சைத் தொடங்குவது எந்த ஊர் வழக்கம்? ஊற்றினாலோ சத்தியம் முறியும். ஆகையால் பேச்சு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஷேக்குக்கு நோயெல்லாம் பறந்தது. "மத்தரு, இந்த மாதிரி மருந்து எந்த வைத்தியன்கிட்டயும் கெடைக்காதுடா" என்று பருந்தைக் கையில் ஏந்திக்கொண்டு உலாத்தினார். கம்பெனி ஆளுக்கு ஊரில் காப்பிகூடக் கொடுப்பதில்லை என்ற சேதி அரசியல் துரைக்குப் போயிற்று. அவர் அதைப் பிரிட்டிஷ் மகுடத்துக்கே இழைத்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டு ஓர் உத்தரவு போட்டார். கையெழுத்து ஆகும்வரை ராஸ் கதீர்க்காரர் எவரும் வெளியூர் போகப் பயணக் காகிதம் கிடையாது. வெளியூரார் ராஸ் கதீருக்கு வரவும் கிடையாது. ஷேக் எங்கும் போவதில்லை, அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. ஊரில் அந்த மாதம் பயணம் போக இருந்தது யார்? நானும் என் மனைவியும் என் மகளும்!

"ஏங்க, துரை காப்பி குடிக்கலேன்னா எம்பொண்ணு ஏங்க வீட்ல உக்காரணும்?" என்று ஷம்ஸாவின் தாய் கேட்டாள். நான் வாசல் பக்கம் நழுவப் பார்த்தேன். "ஊருக்கெல்லாம் உடம்பு சரியில்லன்னு சொல்லத் தெரியுது, இதுக்கு மட்டும் வாய் அடைச்சிருச்சாக்கும்" என்றாள். ஷம்ஸாவோ கல்யாணத் துணிகளை எடுத்து மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நேரே ஷேக்கிடம் போய், "உங்க சத்தியம் உங்களுக்கு மருந்து, எம்பொண்ணுக்கு விஷம்" என்று சொல்லிவிட்டேன். அவர் பருந்தை இறக்கி வைத்தார். பிறகு, "அந்த அரசியல் துரையோட கப்பல் என் மண்ணு இல்லியே. வா, அங்க போய் நாம விருந்தாளியா உக்காருவோம். கோப்பையை வெக்க எனக்கும் தெரியும்" என்றார்.

போனோம். அரசியல் துரை வெள்ளைச் சீருடையில் வரவேற்றார். தேநீர் வந்தது. ஷேக் அதைத் தொடாமல் கம்பீரமாக மேசைமேல் வைத்துவிட்டு, 'என்ன வேண்டும்' என்று கேட்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. பார்த்தால், அங்கே எல்லாரும் ஒரு வாய் குடிப்பதும் கோப்பையை மேசைமேல் வைப்பதுமாக இருக்கிறார்கள்! ஷேக் மிரண்டுபோய், "மத்தரு, எல்லாருமே கீழ வெக்கிறாங்களேடா, யாரு யாருகிட்ட என்ன கேக்குறாங்க?" என்றார். தேநீர் பிடிக்கவில்லை என்று நினைத்துப் பால் ஊற்றி இன்னொன்று கொண்டுவந்தார்கள். ஷேக் அதையும் வைத்தார். சர்க்கரை போட்டு வந்தது. அதையும் வைத்தார். மேசையில் இடமில்லாமல் போகும்போதுதான், மொழிபெயர்க்க எங்களோடு வந்திருந்த மிர்ஸா காஸிமுக்கு விஷயம் உறைத்து, துரையின் காதில் ஓதினார்.

"என்ன வேண்டுமாம்?" என்று கேட்டார் துரை.

ஹாஜியார் அவர்களே, இந்த இடத்தில் நான் பயந்தேன். அமெரிக்காக்காரன் சொன்ன விலையை அவர் கேட்டிருக்கலாம். கஜானா அந்த நிலையில் இருக்கிறது. கேட்பார் என்றுதான் நினைத்தேன். ஷேக் ஹிலால் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க பெரியப்பா மகனோட பொண்ணுக்குக் கல்யாணம். மூணு பேருக்குப் பயணக் காகிதம். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருடைய பொய்ப் பல்வலிகளுக்கெல்லாம் வாசலில் நின்றதற்கு அன்றைக்கு அர்த்தம் கிடைத்தது.

துரை நெகிழ்ந்துதான் போனார். ஆனால் தானாகக் கொடுக்க முடியாதாம். புஷஹரில் இருக்கும் மேலதிகாரிக்கு எழுதுவாராம். புஷஹர் டெல்லிக்கு எழுதும். டெல்லி லண்டனுக்கு எழுதும். லண்டன் சம்மதித்தால் அதே வழியில் பதில் இறங்கி வரும். ஷேக் அதைக் கேட்டு அசந்துபோனார். "தன் வீட்டு மேசையில வெச்ச கோப்பைக்கு லண்டன்ல கேக்கணுமா? இவரு ஆளவந்தவரா, தபால்காரரா? பாவம்டா" என்றார். கடைசிவரை தேநீரைக் குடிக்கவில்லை. பதில் வந்தபின் குடித்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார். ஆகவே அந்தக் கோப்பைகளைக் கப்பலில் யாரும் கழுவியிருக்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறோம்.

இதுதான் நடந்தது. லண்டன் கருணை வைத்தால் படகுகள் கடலுக்குப் போகுமுன் பெண்ணோடு வந்து இறங்குவேன். காகிதமில்லாமல் எங்கள் பழைய படகிலேயே கிளம்பலாம்தான். ஆனால் தங்கள் துறைமுகத்தில் இறங்க விடமாட்டார்கள். ஆகையால் தாங்கள் கொஞ்சம் பொறுத்து, அந்த ஒன்றுவிட்ட தங்கை மகளுக்கு வேறொரு நல்ல இடம் அமைய துஆ செய்யுமாறு தங்கள் துணைவியாரிடம் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பெண் மறுபடியும் துணி மடிக்கிறாள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தங்கள் வலைகள் நிறையட்டும், சிப்பிகள் கனக்கட்டும், தங்கள் வாசலில் விருந்தாளிகள் குறையாதிருக்கட்டும். பெரியவர்களுக்கு என் சலாம், சிறியவர்களுக்கு என் முத்தங்கள்.

தங்கள் பணிவுள்ள,
மத்தர் பின் உபைத்

பின்குறிப்பு: அரக்கு வைத்த கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் இனி எதுவும் செல்லாது. நேற்றுக் காலை பேரீச்சம்பழப் படகு ஒன்றில் மாலுமிகளோடு மாலுமியாகத் தங்கள் மகன் கானிம் வந்து இறங்கினார். எங்கள் கரையில் காகிதம் கேட்க நண்டுகளைத் தவிர யாருமில்லை. என் வீட்டில் உட்கார்ந்தார். காப்பி ஊற்றினேன். தம்பி அதைத் தொடாமல் கம்பளத்தின்மேல் வைத்துவிட்டார். திரைக்குப் பின்னால் ஷம்ஸாவின் தாய் இருமிய இருமலில் வீடே அதிர்ந்தது. "குடிங்க தம்பி, கேட்டது கெடைச்சாச்சு" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "மாமா, இன்னிக்கே நிக்காஹ் வெச்சிருங்க. அம்மா அந்தப் பொண்ணை முடிவே பண்ணிட்டாங்க. அவளோட அண்ணன் குறட்டை விடுறதைப் படகுல ஒரு சீசன் பூரா கேட்டவன் நான், அவன் மச்சானா வேற ஆக வேணாம்" என்றார். அஸர் தொழுகைக்குப் பின் நிக்காஹ் ஆயிற்று. ஷேக்கே சாட்சி. பென்ராஸ் துரையும் வந்திருந்தார். அவருக்கு யாரும் ஊற்றாததைப் பார்த்துத் தங்கள் மகன் காப்பிச் செம்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். துரை தாமே ஊற்றிக் குடித்து, கோப்பையை அழகாக ஆட்டியும் காட்டினார். சத்தியம் முறியவில்லை, சாக்கு முறிந்தது. இன்று காலையிலிருந்து ஷேக்குக்கு மறுபடியும் பல்வலி.

ஒரே ஒரு சங்கடம். காகிதமில்லாமல் கிளம்பிய மாப்பிள்ளையைக் காகிதமில்லாமல் தங்கள் துறைமுகத்தில் இறக்க மாட்டார்கள் என்று படகோட்டி சொல்கிறார். ஆகவே லண்டனிலிருந்து பதில் வரும்வரை தங்கள் மகன் எங்களுக்கு வீட்டோடு மாப்பிள்ளை. ஹல்வாவை அவரே தீர்த்துவிட்டார். பார்க்க ஆசையிருந்தால் தாங்கள்தான் இங்கே வரவேண்டும். அதற்குத் தங்கள் ஊர்த் துரையிடம் போங்கள். தேநீர் கொடுப்பார். குடித்துவிடாதீர்கள்.