காரைக்காலில் கால் வைக்காத நானா

காரைக்காலில் பிறந்து, காரைக்காலிலேயே பெண் கட்டி, காரைக்காலில் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். ஊர் அவருக்குக் 'கால்வைக்கா நானா' என்று பெயர் வைத்தது. எங்கள் பக்கத்தில் நானா என்றால் அண்ணன்.

ஐம்பதுகளில் அவருக்குப் பினாங்கில் ஜவுளிக்கடை. மலாயாக் குடியுரிமை கிடைத்துவிட்டால் யாரும் தடுக்காமல் போகலாம், வரலாம் என்று கனவு. அதற்கு அந்த நாட்டில் வருஷக்கணக்கில் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். விதி ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொன்ன பக்கத்துக் கடைக்காரர், "வேற நாட்டுல கால் வச்சா போச்சு, மொதல்லேர்ந்து எண்ணணும்" என்று சொல்லிவிட்டார். நானா அந்தக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வருஷம் ஒருமுறை கப்பலில் வருவார். நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் கப்பல் நங்கூரம் போடும். மற்றவர்கள் தோணியில் இறங்கிக் கரைக்குப் போவார்கள். நானா மேல்தட்டில் நின்று கையாட்டுவார். வீட்டார் தோணியில் கப்பலடிக்கு வருவார்கள். பிஸ்கட் டின்னும் கைலியும் கயிற்றில் கீழே வரும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம் மேலே போகும். கொல்லை வேலித் தகராறு ஒன்றைக்கூட அங்கிருந்தே கத்தித் தீர்த்துவைத்தார். கப்பல் சென்னை போய்த் திரும்பும்போது இன்னொரு தடவை கையாட்டிவிட்டுப் பினாங்கு போய்விடுவார். இப்படி எட்டு வருஷம்.

மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானது. உங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமித்து எழுதிக் கொடுத்தால் போதும் என்று காஜியார் சொல்லி அனுப்பினார். மகளை ஒப்படைக்க மாப்பிள்ளையின் கையை நானேதான் பிடிப்பேன் என்று நானாவிடமிருந்து பதில் வந்தது. வேறு வழியில்லாமல் கல்யாணமே தோணி ஏறியது. பத்திர எழுத்தர் என்பதால் தாளும் பேனாவுமாக நானும் போனேன். பாதி வழியிலேயே காஜியாருக்கு வாந்தி.

நானா கப்பல் ஏணியின் கடைசிப் படிவரை இறங்கி வந்து நின்றார்.

"இந்தத் தோணி எந்த ஊருது?"

"காரைக்கால் தோணிதான் நானா."

"அப்ப இதுலயும் கால் வைக்கப்படாது."

ஒரு கையில் ஏணிக்கயிறு, மறுகையில் மாப்பிள்ளையின் கை. வாக்கைச் சொல்லத் தொடங்குவார், அலை மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடும். காஜியார் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வார். நான்காவது தடவைதான் கல்யாணம் முடிந்தது.

அப்போது மகள், "கல்யாணச் சோறு திங்கவாவது வாங்க வாப்பா" என்றாள். அவரைக் கடைசியாகத் தரையில் பார்த்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. நானாவின் முகம் கோணிவிட்டது. சட்டைப்பையிலிருந்து அந்த ஆங்கில விதி அச்சடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க தம்பி, நான் என்ன செய்ய?"

இரண்டு தடவை படித்தேன். சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது.

"கால்னு ஒரு வார்த்தையே இதுல இல்ல நானா. கொஞ்ச நாள் ஊருக்கு வந்துட்டுப் போனா ஒண்ணும் முறியாதுன்னு போட்டிருக்கு."

நானா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு வருசமா ஆறிப்போன வட்டலப்பமா தின்னேனே தம்பி" என்றார். பிறகு தோணியில் கால் வைத்தார். வைத்த வேகத்தில் காஜியார் கடலுக்குள் விழப் பார்த்தார்.

கப்பல் சென்னையிலிருந்து திரும்பும்வரை நானா வீட்டில் இருந்தார். பின்னால் குடியுரிமையும் வந்தது. அதற்கப்புறம் வருஷாவருஷம் வந்தார். நான் பஸ் நிலையத்தில் காத்திருப்பேன். நாகப்பட்டினம் பஸ்ஸின் கடைசிப் படியில் நின்று என்னைப் பார்த்து, "வைக்கலாமா தம்பி?" என்று கேட்காமல் இறங்கமாட்டார்.

இப்போது அவர் இல்லை. நாகப்பட்டினம் பஸ் வந்து நிற்கும்போது அந்தப் பக்கம் நான் இருந்தால், "வைங்க நானா" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.