மொட்டைமாடி சாரும் தண்ணீரில்லாக் கண்மாயும்

காரைக்குடியில் உள்ள அத்தனை வீடுகளின் உச்சியும் தெரிந்து, ஒரு வீட்டின் வாசல்கூடத் தெரியாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரிடம்தான் எனக்கு வேலை வாய்த்தது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரைக் கல்லூரியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதல்வர் உட்பட எல்லோருக்கும் அவர் மொட்டைமாடி சார். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, கீழே பூமியில் என்ன இருக்கிறது என்று சொல்வது அவருடைய பாடம். எழுபதுகளின் தொடக்கத்தில் அதற்கு ரிமோட் சென்சிங் என்ற புதுப்பெயர் எங்கள் ஊர்வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது வாயில் கற்கண்டு போட்டுக்கொண்டவர் போல இருப்பார்.

நான் அவருடைய டெமான்ஸ்ட்ரேட்டர். படங்களுக்கு எண் போட்டு அடுக்குவது, கண்ணாடிகளைத் துடைப்பது, மாணவர்கள் படத்தின் மேல் விரல் வைக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலைகள் என்று நியமன உத்தரவில் இருந்தது. ஊருக்குள் அவருக்காக வெட்கப்படுவதும் என் வேலை என்று அதில் போடவில்லை. ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது அந்த வேலையைத்தான்.

குதிரைவண்டிக்காரரிடம் அவர் வழி சொல்லுவதைக் கேட்க வேண்டும்.

"அண்ணே, நாலு முற்றம் இருக்கும். வடகிழக்கு மூலையில கொஞ்சம் புது ஓடு மாத்தியிருக்கும். அந்த வீட்டுக்குப் போகணும்."

"அதெல்லாம் காக்காகிட்டக் கேளுங்க சார். என் குதிரைக்குத் தெருவுதான் தெரியும்."

அவர் கொஞ்சமும் கோபப்படாமல் என் பக்கம் திரும்பி, "மிஸ், இவர் சொல்றதும் சரிதான். குதிரைக்கு மேலேர்ந்து பார்க்க வசதியில்லை" என்பார். வண்டிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். நான் தார் ரோட்டைப் பார்ப்பேன்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலு கால் முளைத்த ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தால் தட்டையான படத்தில் மரமும் வீடும் எழுந்து நிற்கும். அந்தக் கண்ணாடியை அவர் பிள்ளையைப் போலத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் மெஸ்ஸில் இலையில் இரண்டு தோசை விழுந்ததும் அதன் மேல் கண்ணாடியை நிறுத்திக் குனிந்துவிட்டார். மெஸ்காரர் ஓடிவந்து, "என்ன சார், பூச்சி எதுவும் கெடக்கா?" என்று பதறினார். "இல்லைங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, சேர்ந்து எழும்புதான்னு பார்த்தேன்." எழும்பவில்லையாம். நான் அன்றைக்கு இட்லியைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவினேன்.

இதையெல்லாம்விடக் கொடுமை, படத்தில் கண்டதை நேரில் போய்ச் சரிபார்ப்பது. பழைய படம் ஒன்றில், ஒரு பெரிய வீட்டு மாடியில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய்விட்டார். நானும் கூட. கதவைத் திறந்த ஆச்சியிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆச்சி, ரெண்டு வருசம் முந்தி, ஒரு பங்குனி மாசம், உங்க மாடியில வெள்ளை வெள்ளையா என்ன இருந்துச்சு?"

"பங்குனியில வேற என்ன இருக்கும், வத்தல்தான். ஏன், நீங்க எங்குட்டிருந்து பாத்தீக?"

"மேலேர்ந்து."

ஆச்சி முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏத்தா, கெணத்தடியில பொம்பளைக குளிக்கிறது, தலை தொவட்டுறதெல்லாமும் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "தெரியாது ஆச்சி. அந்த உயரத்துக்கு ஆளுங்கிறது ஒண்ணுமே இல்லை. உங்க வத்தல் தெரியும், நீங்க தெரிய மாட்டீங்க."

ஆச்சி உள்ளே போய், ஒரு டப்பா நிறைய வத்தல் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். எதற்குக் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் அதை டப்பாவோடு தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து, "சரியாத்தான் சொல்லியிருக்கேன், மிஸ்" என்றார்.

ஆம், அவர் சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருடைய ஒரே கர்வம். படம் பொய் சொல்லாது என்பார். படத்தைப் படிப்பவன் பொய் சொன்னால்தான் உண்டு என்பார்.

அப்புறம் அந்த வருடம் மழை ஏமாற்றியது. கண்மாய்களை ஆழப்படுத்தும் வேலையை அரசாங்கம் அறிவித்தது. வெட்டுகிற வேலை கிடைத்தால் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோடையில் அடுப்பு எரியும், அடுத்த மழைக்குக் கண்மாயும் கூடுதலாகத் தண்ணீர் கொள்ளும். ஆனால் காய்ந்து கிடக்கும் கண்மாய்க்கு மட்டும்தான் வேலை. ஊர் ஊராகப் போய்க் கேட்டால் எல்லா ஊரும் காய்ந்துவிட்டது என்றுதானே சொல்லும்? அதனால் ஓர் அதிகாரிக்கு விமானப் படம் நினைவுக்கு வந்தது. படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், காய்ந்த மண் வெளுப்பாகத் தெரியும். புதிதாக எடுத்த படங்கள் எங்கள் கல்லூரிக்கு வந்தன. சார் ராப்பகலாகப் பார்த்து, எந்தக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, எதில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து எங்கள் துறைக்குள் ஒரு பெண்மணி வந்தார். கல்லலுக்கு அங்குட்டு ஒரு ஊரில் நிலபுலன் உள்ளவர், சவரியம்மாள் என்று பெயர். கையில் ஒரு சாக்குப் பை.

"எங்க கம்மாயில தண்ணி கெடக்குன்னு எழுதுன மகராசன் யாரு?"

"நான்தாம்மா" என்று சார் பெருமையோடு எழுந்தார்.

சவரியம்மாள் சாக்கிலிருந்து, வெயிலில் வெடித்துக் காய்ந்த ஒரு வண்டல் பாளத்தை எடுத்துப் படங்களுக்கு நடுவில் வைத்தார். "இந்தாங்க உங்க தண்ணி. குடிங்க."

"அம்மா, படம் பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேன். என் மாடு பொய் சொல்லுது. கம்மாய்க்குள்ள சடுகுடு வெளையாடுறாய்ங்களே, அந்தப் பயலுகளும் பொய் சொல்றாய்ங்க. அத்தனை ஊருக்கும் வேலை வந்துருச்சு, எங்க ஊருக்கு மட்டும் இல்ல. பொழப்புக்கு எங்க போவோம்? அந்தப் படத்தையா கரைச்சுக் குடிக்கிறது?"

சார் கண்ணாடியைத் தோளில் போட்டுக்கொண்டார். "மிஸ், வாங்க. பஸ் இருக்கு."

கண்மாய்க்குள் உண்மையிலேயே சடுகுடுக்குக் கோடு கிழித்திருந்தார்கள். சார் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து படத்தை விரித்தார். படத்தில் கண்மாய் மைக்கறுப்பாக இருந்தது. கரையில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எந்தப் படத்தையும் அதை ஒட்டிய இடத்தின் படம் இல்லாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. அவர் கேட்டதும் அதையும் எடுத்துக் கொடுத்தேன். அது வேறு தாலுகாவைச் சேர்ந்தது என்பதால் அவர் அதைப் பார்த்ததே இல்லை. அதன் ஓரத்தில் பஞ்சு போல வெள்ளையாக ஒரு மேகம் இருந்தது.

அவர் இரண்டையும் மண்ணில் ஒட்டவைத்தார். படத்தில் பனைமரங்களின் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். மேகத்தின் மேல் விரலை வைத்து, அதே பக்கமாக மெதுவாக நகர்த்தினார். விரல் நேராக வந்து கண்மாயின் மேல் நின்றது.

"தண்ணி இல்ல, மிஸ்" என்றார். "நெழலு."

அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. கரையைப் பார்க்கவே இல்லை.

"என்னங்க சொல்றாரு?" என்று சவரியம்மாள் என்னிடம் கேட்டார். நான் சொல்லத் தயங்கினேன். சாரே சொன்னார். "அம்மா, படம் எடுத்தன்னைக்கு ஒரு மேகம் இந்தப் பக்கமாப் போயிருக்கு. அதோட நெழலத் தண்ணின்னு எழுதிட்டேன்."

"மேகமா? இந்த வருசத்துலயா? நாங்க இம்புட்டு நாளும் தேடுன மேகத்த நீங்க மட்டும்தான் பாத்திருக்கீக!" கரை முழுக்கச் சிரித்தது. "பெய்யாமப் போனது பத்தாதுன்னு, போற போக்குல எங்க வேலையையுமில்ல கொண்டுபோயிருச்சு!"

திரும்பி வரும் வழியெல்லாம் சார் படத்திலிருந்த பனைமர நிழல்களையே விரலால் தடவிக்கொண்டு வந்தார். படிப்பு, பட்டம், கண்ணாடி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிழலைத் தண்ணீர் என்று எழுதிய துறையில் நானும் ஒருத்தி என்று நினைக்க எனக்கும் உடம்பு கூசியது.

விட்டுப்போன ஊரின் புகாரை விசாரிக்கக் கல்லல் யூனியன் ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். முந்தின நாள் முதல்வர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார்.

"படம் எடுத்தப்பத் தண்ணி இருந்துச்சு, அப்புறம் வத்திருச்சுன்னு சொல்லிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்படிச் சொன்னா அந்த ஊருக்கு வேலை கிடைக்குமா சார்?"

முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். கிடைக்காது. படம் எடுத்த தேதியில் தண்ணீர் இருந்த கண்மாய்க்கு வேலை இல்லை என்பதுதான் விதி.

"இங்க பாருங்க. ராக்கெட்லேர்ந்து எடுக்கிற படமெல்லாம் வரப்போகுது, வடக்க அதுக்குப் பயிற்சி. உங்க பேரத்தான் அனுப்பியிருக்கேன். ஊரறியத் தப்பு ஒத்துக்கிட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கள அனுப்புறது?"

அந்தப் பயிற்சிக்காக அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். கம்பளிச் சட்டைகூட வாங்கி வைத்திருந்தார். காரைக்குடி வெயிலில் அதை ஒருமுறை போட்டும் பார்த்தார்.

மறுநாள் கூட்டத்தில் ஊர்த் தலைவர்கள், அதிகாரிகள், பின்வரிசையில் சவரியம்மாள். அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சார் எழுந்தார். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கண்மாய்ல அன்னைக்கும் தண்ணி இல்லைங்க. மேகத்தோட நெழலு விழுந்திருந்துச்சு. நான்தான் தப்பாப் பார்த்து எழுதிட்டேன். படத்து மேல தப்பில்லை."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் அந்த மண்டபம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "சார், அந்த நெழல்ல கெண்டை கெடச்சுச்சா?" என்றார் ஒரு தலைவர். "எங்க ஊருக்கும் ஒரு நெழல ஒதுக்குங்க, நடவ முடிச்சுக்கிறோம்" என்றார் இன்னொருவர். முதல்வர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு முகத்தில் எதுவும் காட்டாத பழக்கம் உண்டு என்பார்கள். அன்றைக்குத் தரையில் இருந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் போய்விட முடியுமா என்று.

சார் உட்காரவில்லை. சிரிப்பு முடியும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மத்ததுல எத்தனை மேகம் சார்?" என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாத்தையும் திரும்பப் பார்த்துட்டோம். இந்த ஒண்ணுதான்."

பின்னாலிருந்து சவரியம்மாளின் குரல் வந்தது. "சிரிச்சது போதும்யா. எழுதுங்க எங்க ஊர."

எழுதினார்கள். அந்த ஊருக்கு வேலை வந்தது. பயிற்சிக்கு வேறொருவர் போனார். ஊர் சும்மா இருக்கவில்லை. பால்காரர்கூட, "சார், மேகமா இருக்கு, பாத்துப் போங்க, வழுக்கிவிட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் அதற்கும் மேலே பார்த்து, "இல்லையே, தெளிவாத்தானே இருக்கு?" என்பார்.

அடுத்த ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை. அந்தக் கண்மாய் நிறைந்துவிட்டது என்று தகவல் வந்தது. அன்றைக்கே கிளம்பினோம். கரையில் நின்று பார்த்தால் போதாதா? போதவில்லை அவருக்கு. பேண்ட்டோடு, செருப்போடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டு, "மிஸ், ஈரமா இருக்கு! ஈரமா இருக்கு!" என்று கத்தினார்.

"ஏங்க வாத்தியாரய்யா, தண்ணின்னா ஈரமா இல்லாம காஞ்சா கெடக்கும்? வெளிய வாங்க, சளி புடிச்சுக்கும்!" என்று கரையிலிருந்து சவரியம்மாள் அதட்டினார். ஊரே கூடிவிட்டது. வழக்கம்போல எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

காரைக்குடி பஸ்ஸில் ஏறினோம். எனக்குப் பெண்கள் பக்கம் முன்னால் இடம் கிடைத்தது. அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேண்ட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் பஸ் முழுக்க ஓடியது. கூடைக்காரிகள் காலைத் தூக்கிக்கொண்டு திட்டினார்கள். அவர் யாரையும் கவனிக்காமல் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விசிலைக் கையில் எடுத்தபடி பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "யாரு கூட வந்தவருங்க இவரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"என் கூட" என்றேன். "எங்க சாரு."