சவரி முழுங்கிய களி

களித் தூக்குப்போசி கட்டிலுக்கே வந்துவிட்டது. ஆனால் தஸ்தகீர் கை வைப்பதற்குச் சவரி அந்தப் பக்கம் நகர்ந்தால்தானே!

மாரண்டஹள்ளிச் சந்தையில் பூட்டு ரிப்பேர் செய்பவர் தஸ்தகீர். அபினை விட்டால்தான் வூட்டுக்கு வருவேன் என்று மனைவி ஷகிலா மொரப்பூருக்குப் போய்விட்டாள். அதனால்தான் இந்த ஆஸ்பத்திரி வாசம். சவரியும் ஒரு காலத்தில் அபின் தின்றவர்தான். அதைத் தலைமுழுகிய பிறகு, புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் துணையாக அவரை உட்கார வைத்திருந்தார் டாக்டர். நல்ல மனுஷன், ஆனால் ஒட்டுப்புல் மாதிரி ஒட்டிக்கொள்வார்.

தஸ்தகீருக்கோ மூக்கு ஒழுகியது, மூட்டு மூட்டாக வலித்தது. பொறுக்கமாட்டாமல், களிக்குள் கொஞ்சம் அபினை வைத்து அனுப்பும்படி சந்தைக் கூட்டாளி மாதுவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். களியை யார் மெல்லப்போகிறார்கள்? முழுங்கினால் வேலை முடிந்தது.

"நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க சவரி."

"டீ எதுக்குங்க பாய்? களிதான் இருக்குதே!" என்ற சவரி, உருண்டையைப் பிட்டுக் குழம்பில் தொட்டு மளமளவென்று உள்ளே தள்ளிவிட்டார்.

"அய்யய்யோ! அதுல அபின் இருக்குதுங்க!"

"அடப்பாவி! இத்தன வருஷம் தொடாம இருந்தேனே! என்னெக் கெடுத்துட்டீங்களே!" சவரி ஓவென்று அழுதார்.

தஸ்தகீர் பதறிப்போய் மோர் கொடுத்தார், சவரிக்குக் கண் சொருகியது. தூங்கவிடக் கூடாதென்று வராந்தாவில் நடக்கவைத்தார். சவரி கால் பின்னி அவர்மேலேயே சரிந்தார்.

"பாய், இன்னும் ஒரு துண்டு கெடைக்குங்களா?"

"செருப்பு பிஞ்சிரும்! அந்தச் சனியனத் தொட்டா உம் பொண்டாட்டி புள்ளைங்க கதி என்னாவறது?" என்று கத்திய தஸ்தகீர், தன் வாயிலிருந்தா இது வந்தது என்று திகைத்து நின்றார்.

வேறு வழியில்லை. டாக்டரிடம் ஓடி எல்லாவற்றையும் ஒப்பித்தார். இனி ஆஸ்பத்திரியும் இல்லை, ஷகிலாவும் இல்லை. போகட்டும், ஒரு உயிராவது பிழைக்கட்டும்.

டாக்டர் நாடி பார்த்தார். "சவரிக்கு ஒண்ணுமில்ல. நீங்களும் இங்கியே இருங்க. மூட்டு வலி எப்படி இருக்கு?"

வலி இருந்தது. ஆனால் இவ்வளவு நேரமும் அதை நினைக்கவே இல்லை. அப்பாடா! தாங்கிவிடலாம், ஷகிலா வந்துவிடுவாள். தஸ்தகீர் சவரியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வார்டு ஆயா ராஜமேரி கதவோரம் எட்டிப்பார்த்தாள்.

"சவரியண்ணே, ஓரக் கட்டில்ல புதுசா சேந்தவருக்கும் களி வந்திருக்குதுங்க. அபினையெல்லாம் எடுத்துட்டோம், நீங்க வந்து முழுங்கிட்டு அழுவுறதுதான் பாக்கி."