கப்பல்காரரின் கடைசிப் பாட்டில்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே, பாட்டில் தூங்குகிறது என்று வீட்டுக்குள் பூனைநடை நடந்த ஒரே மனிதர் எங்கள் கப்பல்காரர்தான். மற்ற வீடுகளில் குடித்தவர்கள் தூங்குவார்கள். ராயப்பன்பட்டியில் அவர் வீட்டில் மட்டும் சரக்கே தூங்கியது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். உள்ளூரில் எனக்கு வாத்தியார் வேலை. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக உலகத்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர். டிரங்குப் பெட்டியில் டேப்ரிக்கார்டர் இருக்கும், சென்ட்டு இருக்கும் என்று சொந்தபந்தமெல்லாம் எட்டிப் பார்த்தால், லுங்கியில் சுற்றிய ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் பாட்டில்கள். ஒவ்வொன்றும் இருபது வருடப் பழசு.

"ஊர்ல உள்ளவுக கப்பலுக்குப் போயி தங்கம் கொண்டு வாராக. இவுக ஊசிப்போன திராச்சத் தண்ணியக் கொண்டாந்திருக்காக" என்று அவர் வீட்டம்மா ஆரோக்கியமேரி அக்கா என் மனைவியிடம் மூக்கைச் சிந்தினார்.

அக்காவின் துக்கம் நியாயமானதுதான். எங்கள் பக்கம் காலையில் வெட்டிய திராட்சை சாயங்காலம் லாரி ஏறியாக வேண்டும். ஒரு நாள் தங்கினால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கப்பல்காரர் அரிசி கொட்டும் குலுக்கையைக் காலி செய்து, மணல் பரப்பி, பாட்டில்களைப் படுக்க வைத்தார். பக்கத்தில் கிரைண்டர் ஓடக் கூடாது, ஒயினின் அடிமண்டி கலங்கிவிடுமாம். அக்கா மாவாட்ட எங்கள் மாடிக்கு வந்தார். "மாடியில ஓடுனா மட்டும் அதிராதாண்ணே?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். அன்றோடு எங்கள் கிரைண்டருக்கும் தடை. இரண்டு குடும்பமும் வருடக்கணக்கில் கடைமாவு இட்லிதான் தின்றோம்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு பாட்டில் கண் விழிக்கும். ஒருமுறை அவருடைய மச்சினர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மச்சான், பழைய பீரோவத் தொறந்த மாதிரி வாசம் வருது?" என்றார்.

கப்பல்காரர் துள்ளிக் குதித்தார். "அதேதான்! அந்த வாசத்துக்குத்தான்யா இருவது வருசம் காத்துக் கெடக்காக!"

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. மச்சினர் அதில் சோடாவை ஊற்றி, தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாயும் கேட்டார். டம்ளரைப் பிடுங்கிய கப்பல்காரர் ஈஸ்டர் வரை அவரோடு பேசவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் இன்னும் மோசம். அக்காவின் மட்டன் குழம்புக்கு ஊரே மயங்கும். "நம்ம மொளகாத்தூளு ஒயினோட கழுத்த நெரிச்சுரும்" என்று அவர் அதை ஒதுக்கினார். ஒரு வருடம் மத்தி மீன் வைத்துப் பார்த்தார். இரண்டும் வாய்க்குள் அடிதடி செய்ததாகச் சொன்னார்.

கவாத்து முடிந்த தோட்டங்களில் வெட்டிப்போட்ட கொடிக்குச்சிகளைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் கொண்டுவந்து காய வைக்கவும் தொடங்கினார். ஸ்பெயினில் திராட்சைக் குச்சித் தணலில்தான் ஆட்டுச் சாப்ஸைச் சுட்டு இந்த ஒயினோடு சாப்பிடுவார்களாம். "ஏலே, கப்பல்காரருக்கு வெறகுப் பஞ்சம்டா!" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. அவருக்கு இருந்த ஒரே துக்கம் வேறு. "குடிக்கிறவன் பூராம் ஒரு வாயோட எந்திரிச்சிர்றான். இன்னுங் கொஞ்சம் ஊத்துன்னு ஒரு சீவன் கேக்க மாட்டேங்குதே வாத்தியாரே!" என்பார். நான் காபிக்காரன், எனக்கும் அந்தப் புண்ணியம் இல்லை.

கடைசியாக ஒரே ஒரு பாட்டில் மிஞ்சியபோது, மகள் ஸ்டெல்லாவுக்கு அனுமந்தன்பட்டியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையை ஸ்டெல்லாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை விருந்து.

"கடைசிப் பாட்டில அன்னைக்குத் தொறக்கப்போறேன்" என்றார் கப்பல்காரர்.

"ஒங்க கூத்துக்கு எம்புள்ள வாழ்க்கையா கெடச்சுச்சு?" என்று அக்கா அழுதேவிட்டார்.

விருந்தாளிகள் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். பாட்டில் மூச்சு விட வேண்டும் என்று அவர்களை ஒரு மணி வரை உட்கார வைத்தார். கார்க் உதிர்ந்தது, புது வேட்டியில் வடிகட்டினார். கொல்லைப்புறத்துக் குச்சிப் புகை கூடத்துக்குள் வந்து சம்பந்தம் பேசியது. "இங்கன சாப்பாடு உண்டா, இல்ல புகையோட அனுப்பிருவாகளா?" என்று மாப்பிள்ளையின் அப்பா என் காதைக் கடித்தார்.

ஒருவழியாக இலை போட்டார்கள். பிரியாணி, குழம்பு எல்லாவற்றுக்கும் முன்னால் கல்லுப்பு மட்டும் போட்டுச் சுட்ட சாப்ஸ் வந்தது. பக்கத்திலேயே கண்ணாடி டம்ளரில் செங்கல் நிறத்தில் ஒயின்.

"சாயம் போயிருச்சே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அந்த அம்மா. சாப்ஸை ஒரு கடி கடித்தார். டம்ளரை எடுத்து ஒரு வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஒரு கடி, மறுபடி ஒரு வாய். கதவுக்குப் பின்னால் ஸ்டெல்லா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா உதட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா டம்ளரை நீட்டினார். "கறிக்கு முன்னாடி ஒரு ருசி, பின்னாடி ஒரு ருசியால்ல இருக்கு! இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கண்ணே."

கப்பல்காரர் விளிம்பு வரை ஊற்றினார். அந்த அம்மா மூன்றாம் முறையும் கேட்டார், எலும்பைக்கூட விடவில்லை. பிறகு கையை உதறி, "கல்யாணத்த எப்ப வச்சுக்கிரலாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் வீட்டுக்காரரே பயந்துபோய்ப் பார்த்தார்.

எல்லோரும் போன பிறகுதான் கவனித்தேன். கப்பல்காரரின் டம்ளர் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது.

"அண்ணே, கடைசிப் பாட்டிலு. ஒங்களுக்கு ஒரு சொட்டு எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

"இத்தன வருசம் நான் ஒருத்தனாத்தான குடிச்சேன் வாத்தியாரே" என்றார் அவர். "இன்னைக்குத்தான் ருசியா இருந்துச்சு."

உடம்பெல்லாம் ஆட்டுக்கொழுப்பு வாடையோடு நின்ற அந்தக் கிறுக்கு மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் செய்தேன்.