கோதுமை இல்லாத ஸ்பஞ்சுக்கு நீல ரிப்பன்

மதிப்பிற்குரிய ‘பென்னரூ செய்தி’ ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வயல்களின் மேல்மண் புழுதிப் புயலாகக் கிளம்பி, டிக்கெட் வாங்காமல் மெல்பர்னுக்குப் போய் அந்த நகரத்தைப் பட்டப்பகலில் இருட்டாக்கியதே, அந்த 1983ஆம் வருஷம். அதே வருஷம் செப்டம்பரில் நம் நாட்டுப் பாய்மரப் படகு அமெரிக்காக்காரனிடமிருந்து பந்தயக் கோப்பையைப் பிடுங்கி வந்ததும், பால்காரன்கூட வேலைக்குப் போகாமல் தெருவில் ஆடினான். அந்த வருஷ அக்டோபரில்தான் பென்னரூ விவசாயக் கண்காட்சியில் கோதுமை கலக்காத கேக் முதன்முதலாகப் போட்டி மேசை ஏறியது. ஏற்றியவன் நான். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரப் பத்திரிகையில், மெல்பர்னிலிருந்து வந்து பழைய வங்கிக் கட்டடத்தில் காபிக் கடை திறந்திருக்கும் கியாரா என்ற பெண்தான் ‘குளூட்டன் இல்லாத கேக், மஃபின், குக்கி எல்லாவற்றையும் நம் ஊருக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவர்’ என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். நல்ல பெண். அவள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவள் அம்மாவே பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் நடந்த காரியத்தை அவள் தலையில் சூட்டலாமா? திருத்தம் போட வேண்டும், முதல் பக்கத்தில், அதே அளவுப் படத்தோடு. எனக்கு எழுத்து ஆகாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் முயல் பிடிக்கப் போனவன். நான் சொல்லச் சொல்ல வீட்டில் எழுதித் தருகிறார்கள். ஆனால் ஒருதரம் பார்த்தது எனக்கு மறக்காது, அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் மனைவி வால்டா இந்தப் பக்கத்திலேயே ஸ்பஞ்ச் கேக்குக்குப் பேர் போனவள். வருஷா வருஷம் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்கு, இரண்டாவதான சிவப்பு ரிப்பன் லோர்னா ஃபிட்ஸ்னருக்கு. இது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் திங்கள்கிழமை வருவது மாதிரி. பிறகு வால்டாவுக்கு உடம்பு கரைய ஆரம்பித்தது. தின்றது எதுவும் ஒட்டவில்லை, வேலிக் கம்பி மாதிரி ஆகிவிட்டாள். மெல்பர்னில் பெரிய டாக்டர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சீலியாக் என்ற வியாதி, குளூட்டன் ஆகாது, அதாவது கோதுமை கூடாது, பார்லி கூடாது, ரை கூடாது, ஓட்ஸ் கூடாது என்று என் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி வரிசையாகச் சொன்னார். கோதுமை விளைவிக்கிறவன் பெண்டாட்டிக்குக் கோதுமை விஷம். “துளி போனாலும் ஆபத்து. இதே கதியில போனா அம்மா தாங்கமாட்டாங்க” என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். அன்றோடு வால்டா மாவுச் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள், அதற்கப்புறம் அடுப்புப் பக்கம் கேக்குக்கென்று போகவே இல்லை. உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும் தின்று உடம்பு கொஞ்சம் தேறியது. மனசு தேறவில்லை.

அதற்குக் காரணம் கண்காட்சித் தேநீர் மேசை. தங்களுக்குத் தெரியாமல் இருக்காது, தீர்ப்பு முடிந்ததும் வெட்டின கேக்கெல்லாம் அந்த நீள மேசைக்கு வரும், ஊர்ப் பெண்கள் எல்லாரும் உட்காருவார்கள், வருஷத்தில் யார் யாரோடு பேசுவது என்பதே அந்த மேசையில்தான் முடிவாகும். வியாதி வந்த பிறகும் வால்டா போய் உட்கார்ந்தாள், முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். லோர்னா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஐயோ பாவம், தண்ணிக்காவது இன்னும் கொஞ்சம் ஐஸ் போடுங்கடி அவளுக்கு” என்றாளாம். வால்டா வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். “மெர்வ், இனிமே கண்காட்சிப் பேச்சை எடுக்காதே. நான் என்ன, ஜன்னல் வழியா கல்யாண விருந்து பாக்கிற நாயா?” என்றாள். அடுத்த வருஷம் போகவில்லை. அதற்கடுத்து சர்ச்சுக்கும் போகவில்லை. கடைக்குக்கூட என்னை அனுப்பினாள். அவளை மறுபடி அந்த மேசையில் தட்டும் துண்டுமாக உட்கார வைக்காவிட்டால், வியாதி விட்டு வைத்ததை வீட்டுச் சுவர் தின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கு ஒரே வழி, அவள் தின்னக்கூடிய கேக் ஒன்று அந்த மேசைக்கு வர வேண்டும். போட்டியில் ஜெயித்து வர வேண்டும், தூக்குப் பாத்திரத்தில் இரக்கத்துக்கு வரக் கூடாது. ஆகவே நான் ஏப்ரனைக் கட்டினேன்.

முதலில் மஃபின். அரிசி மாவு வேண்டுமே, எங்கே கிடைக்கும், ஆட்டுத் தீவனம் அரைக்கிற எந்திரம் கொட்டகையில் இருக்கிறது, ஒரு மூட்டை அரிசியைப் போட்டு அரைத்தேன், பூசணிக்காயை வேகவைத்துப் பிசைந்து சேர்த்தேன், பார்க்க ஜோராக இருந்தது, வால்டா ஒன்று தின்றாள், மூன்றாம் நாள்வரை படுக்கையை விட்டு எழவில்லை. அந்த எந்திரத்தில் எத்தனையோ வருஷக் கோதுமை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது மண்டையில் உறைக்க அந்த மூன்று நாள் ஆயிற்று. சரியென்று மாவைக் கடையில் வாங்கினேன், சோள மாவு, அட்டைப் பெட்டி, அதில் குக்கி செய்தேன், மறுபடி படுத்தாள். பெட்டியின் ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி ஏதோ போட்டிருந்ததை அவள் படுத்தபடியே வாசித்தாள். “கோதுமையிலேருந்து எடுத்த சோள மாவுன்னு போட்டிருக்கு மெர்வ்.” “சோள மாவை எதுக்குடி கோதுமையிலேருந்து எடுக்கறான்?” “அவனைக் கேளு. என்னைக் கொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா துப்பாக்கி அந்த மூலையிலதான் இருக்கு, சீக்கிரம் ஆகும்.” அடுத்தது சுத்தமான மாவு, சுத்தமான சட்டி, பழக்க தோஷத்தில் கேக் வார்க்கும் தகரத்தில் வெண்ணெய் தடவி மேலே கோதுமை மாவைத் தூவிவிட்டேன், அது அவள் கண்ணில் பட்டுத் தப்பித்தாள். அதற்கடுத்தது எல்லாம் சரி, தகரம் சரி, மாவு சரி, ஆனாலும் அவளுக்கு வயிறு கலங்கியது. காரணம் என் தலையில் இருந்தது. ஆட்டுக்குத் தானியம் கொட்டிவிட்டு அதே தொப்பியோடு குனிந்து முட்டை அடித்திருக்கிறேன். ஐயா, விஷத்தை நான் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து வாசலிலேயே தொப்பி, சட்டை, கால்சட்டை எல்லாம் கழற்றி உள்ளாடையோடுதான் சமையலறைக்குள் போவேன். தபால்காரர் ஒருதரம் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னார், போகட்டும்.

இதற்கிடையே குக்கி ஒன்றை நாய்க்குப் போட்டேன், அது மரியாதையாக வாயில் கவ்விக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தது. ஆனால் ஸ்பஞ்ச் மட்டும் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஏனென்றால் ஸ்பஞ்சைத் தூக்குவது மாவு இல்லை, முட்டை. வாத்து முட்டையைச் சர்க்கரையோடு அடித்து, அந்த நுரைமேல் கரண்டியால் எட்டு போட்டால் அழியாமல் நிற்க வேண்டும் என்று வால்டா செய்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு எழுதத் தெரிந்த ஒரே எழுத்து அந்த எட்டுதான். அரிசி மாவும் உருளைக்கிழங்கு மாவும் லேசான கையால் கலக்க வேண்டும். கம்பித் தட்டில் ஆறவைத்தால் அடியில் கோடு விழும், நடுவர் மதிப்பெண் குறைப்பார், அதனால் துணி விரித்து ஆறவைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கண்காட்சிக்கு முதல் நாள் சுட்டு, இரண்டு வட்டமும் சேர்த்து நடுவே பழப்பாகும் க்ரீமும் வைக்கிற வேலையைக் காலைக்கு விட்டு, மூடி போட்ட தகர டப்பாவில் பத்திரமாக வைத்தேன். “நீ நாளைக்கு வரணும்” என்று வால்டாவிடம் சொன்னேன். “மாட்டேன்” என்றாள். விடிந்து ஆட்டைக் கவனித்துவிட்டு வந்து பார்க்கிறேன், தொப்பி வைத்துக்கொண்டு கையில் பையோடு நிற்கிறாள். கேக்கை அவளே சேர்த்து மூடிக் கட்டியும் வைத்திருந்தாள். ஆண்பிள்ளை கெஞ்சினால் கல்லும் கரையும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு நேரத்தில் போட்டிக்காரர் யாரும் கூடாரத்துக்குள் போகக் கூடாது. கயிறு கட்டி, கண்காட்சிச் செயலாளர் கெவ் வாசலில் நிற்பார். வால்டா எங்கள் பிக்கப் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் கூடாரத் துணி இடுக்கில் கண்ணை வைத்தேன். நடுவர் திருமதி டிரெம்பாத், வேற்றூர்க்காரி, புகழைத் தின்று புளித்த முகம். லோர்னாவின் கேக்கை வெட்டினார், வாயில் போட்டார், கத்தியை ஈரத் துணியில் துடைத்தார். அடுத்ததை வெட்டினார், அதே துணியில் துடைத்தார். அடுத்தது. என் கேக் கடைசியில். தொப்பித் தூசிக்கே மூன்று நாள் படுப்பவள், ஊர்க் கோதுமை முழுவதையும் பூசிக்கொண்டு வரும் கத்தி வெட்டிய துண்டைத் தின்றால் என்ன ஆவாள்? ஜெயித்தால் அவளுக்கு ஆகாது, ஜெயிக்காவிட்டால் எனக்கு ஆகாது. கயிற்றைப் பார்த்தேன், கெவ்வைப் பார்த்தேன், கூடாரத்துக்கு அடியில் புகுந்து உள்ளே எழுந்தேன்.

“யோவ் மெர்வ்! வெளிய வாய்யா! உன் கேக்கைத் தள்ளுபடி பண்ணிடுவேன்!” என்று கெவ் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

“பண்ணு. ஆனா அந்தக் கத்தி அதுமேல படக்கூடாது” என்று நான் என் தட்டைக் கோழி முட்டையை மூடுகிற மாதிரி மூடிக்கொண்டேன்.

திருமதி டிரெம்பாத் கண்ணாடியை இறக்கினார். “என்ன மிஸ்டர், உங்க கேக்கு கன்னிப்பொண்ணா?”

“அம்மா, அதுல கோதுமை ஒரு துளி இல்ல. என் வீட்டுக்காரிக்குக் கோதுமை ஆகாது. வெளிய வண்டில உக்காந்திருக்கா. மூணு வருஷமா இந்த ஊர் கேக்கைக் கண்ணாலதான் திங்கறா. பரிசு குடுக்காட்டி போங்க, அவ திங்கற துண்டை மட்டும் கெடுத்துடாதீங்க.”

சத்தம் கேட்டு லோர்னாவும் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள். “மாவே இல்லாம சுட்டது ஸ்பஞ்சா? ஆம்லெட்டுக்கு ரிப்பன் குடுப்பீங்களா?”

நடுவர் தன் கைப்பையைத் திறந்து, ஆப்பிள் சீவ வைத்திருந்த சின்னக் கத்தியை எடுத்தார், வெந்நீர்ப் பானையில் முக்கினார், புதுக் கைக்குட்டையில் துடைத்தார். முதலில் கேக்கைத் தூக்கி அடியைப் பார்த்தார், கோடு இல்லை. விரலால் அமுக்கினார், எழுந்து வந்தது. ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

“இந்த ஆம்லெட்டுல இன்னொரு துண்டு சாப்பிடறேன்” என்றார்.

நீல ரிப்பன் எனக்கு. கெவ் தள்ளுபடி, தள்ளுபடி என்றார். “நான் இதுவரை தின்னதுல சிறந்ததைத் தள்ளுபடி பண்ணணும்னா முதல்ல என்னைத் தள்ளு” என்றார் திருமதி டிரெம்பாத். மிச்சக் கேக்கைத் தனித்தட்டில் தானே சுமந்து தேநீர் மேசைக்குக் கொண்டுபோனார். நான் போய் வண்டிக் கதவைத் திறந்தேன். வால்டா வந்து உட்கார்ந்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பாதித் துண்டை வாயில் வைத்து மென்றாள். மென்றுகொண்டே லோர்னாவைப் பார்த்து, “கொஞ்சம் தண்ணி குடு லோர்னா, ஐஸ் வேண்டாம்” என்றாள். மேசையே சிரித்தது. லோர்னாவும்தான், அவளுக்கு வேறு வழி இல்லை. அடுத்த வருஷமே ‘கோதுமை இல்லாத கேக்’ என்று தனிப் பிரிவு வந்தது, லோர்னாவே அதில் போட்டி போட்டாள். மெல்பர்ன் பெண் பிறக்கும் முன்னே எங்கள் ஊர் இதையெல்லாம் தின்று கை கழுவியாயிற்று.

ஆகையால் திருத்தத்தில் ‘குளூட்டன் இல்லாத கேக்கைக் கண்காட்சியில் முதலில் சுட்டு ஜெயித்தவர் மெர்வின் ஹாக்கிங்’ என்று தெளிவாகப் போடவும். தங்கள் வயலில் மழையும், பத்திரிகைக்கு விளம்பரமும், வீட்டில் எல்லாருக்கும் நல்ல பசியும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மெர்வின் ஹாக்கிங்

பின்குறிப்பு: ஆசிரியர் ஐயா, அச்சுக்குக் கொடுப்பதை நிறுத்தவும். இதுவரை வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தவள் கையெழுத்துப் போட்டதும் பேனாவை வைத்துவிட்டு, “அது உன் கேக் இல்ல மெர்வ்” என்கிறாள். என் கேக் ராத்திரியோடு நடுவில் அமுங்கி நாய் படுத்த மெத்தை மாதிரி ஆகியிருந்ததாம். நான் ஆட்டைப் பார்க்கப் போன நேரத்தில் அதைக் கோழிக்குப் போட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த சட்டியை நிமிர்த்தி, மிச்ச வாத்து முட்டையில் புதிதாக ஒன்று சுட்டாளாம். “ஏண்டி இத்தனை வருஷம் சொல்லல?” என்றேன். “கூடாரத்துக்கு அடியில ஊர்ந்து போனவன்கிட்ட அன்னைக்கே எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்ல நேரம் கிடைக்கல” என்கிறாள். ஆகவே பெயரை மாற்றிப் போடவும். கத்தியை நிறுத்தினவன் மட்டும் நான், அதை அவளும் எழுதிவிட்டாள். சரிபார்க்க வேண்டுமென்றால் சாட்சிக்கு ஆள் அதிகமில்லை. கெவ் போய்விட்டார், திருமதி டிரெம்பாத் போய்விட்டார், லோர்னாவைப் போன குளிர்காலத்தில் அடக்கம் செய்தோம், தாங்கமாட்டாள் என்று சொன்ன டாக்டர்கூட எப்போதோ போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அந்தக் கேக்கைத் தின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான்: வால்டா ஹாக்கிங்.