நாகராஜ் சேர்த்துவைத்த டீசல்

பொங்கல் முடிந்த மறுநாள் நாகராஜ் ஒரு பெரிய முடிவு எடுத்தார். மாசி மகம் வரைக்கும் இனி ஓர் அடிகூட வீணாக நடப்பதில்லை.

முடிவை எடுத்தது கருவடிக்குப்பத்து வீட்டுக் கூடத்தில், சாய்வு நாற்காலியில். எடுத்து முடித்ததும் அசதியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மனுஷனைக் குறை சொல்லவும் முடியாது. நோணாங்குப்பம் படகுத்துறையில் முப்பத்து நாலு வருஷம் படகு ஓட்டிய உடம்பு. போன வருஷம் ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ரேடியேஷன் கொடுத்தார்கள். அதற்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதரம் ஹார்மோன் ஊசி. ஊசி நோயை அடக்கிவைத்தது. கூடவே நாகராஜையும் அடக்கிவைத்துவிட்டது. குளித்துவிட்டு வந்தால் துண்டைப் பிழியத் தெம்பில்லை. சட்டையில் ஒரு கையை நுழைத்துவிட்டு, அடுத்த கைக்குக் கட்டிலில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தால் தூங்கிய களைப்பு. நடுநடுவே உச்சந்தலை வரைக்கும் குப்பென்று ஏறும் சூடு வேறு.

"வரலட்சுமி, ஃபேன இன்னும் வேகமா வையி. உள்ள அடுப்பு எரியுது."

"அஞ்சுலதான் ஓடுது."

"இதெல்லாம் மனுசன் தாங்கற சூடா?"

"நான் நாலு வருஷம் தாங்கினேன். எனக்கு நாப்பத்தெட்டு வயசுல. அப்ப சளி புடிக்கும்னு ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் போத்திக்கிட்டுத் தூங்கினது யாரு?"

நாகராஜ் திரும்பிப் படுத்தார். இந்தக் கேள்வி வந்ததிலிருந்து அவர் சூட்டைப் பற்றிப் புகார் சொல்வதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தார்.

வரலட்சுமி முப்பது வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள். வாயைத் திறக்க மாட்டேன் என்று தரையில் புரண்ட எத்தனையோ பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டியவள். அவளை ஏமாற்றுவது சுலபமில்லை என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், கட்டிய புருஷனைத் தவிர.

சரி, இந்த முடிவுக்குக் காரணம் என்ன? காரணம் அவர் தம்பி ராஜவேல். பொங்கலுக்குப் பிள்ளைச்சாவடியிலிருந்து கரும்போடு வந்தவன், போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னான்.

"அண்ணே, மாசி மகத்துக்கு சாமி பின்னால ஒரு குட்டியானை லோடு வண்டி வருது. அதுல ஒனக்கு ஒரு சேர் போடச் சொல்லிட்டேன். அம்மாவாசை சித்தப்பா பக்கத்துல."

அம்மாவாசை சித்தப்பாவுக்குத் தொண்ணூத்தோரு வயசு. யார் எது சொன்னாலும் "சாப்பிட்டேன்" என்பார். அவருக்குப் பக்கத்தில் சேர்.

பிள்ளைச்சாவடி அம்மன் வைத்திக்குப்பம் கடலுக்கு வருவது மூணு மணி நேர ஊர்வலம். அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து நாகராஜ் ஒரு வருஷம்கூட விடாமல் சாமிக்குப் பின்னால் நடந்தே போனவர். இந்த வருஷம் வண்டியில் ஏறினால் அவ்வளவுதான், ஊரில் அவரைக் கிழவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் இறக்க மாட்டார்கள். நடந்தே தீர வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும். இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பையும் இந்த வரலட்சுமி தினமும் நடக்கச் சொல்லியே தீர்த்துவிடப் பார்த்தாள்.

"ஏங்க, எழுந்திருங்க. நடந்துட்டு வாங்க."

"தெம்பு இல்லன்னுதான ஒக்காந்திருக்கேன்."

"நடந்தாத்தான் தெம்பு வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. படுக்கப் படுக்க அசதிதான் கூடுமாம்."

"டாக்டரம்மா படகு ஓட்டியிருக்காங்களா? டேங்குல அர லிட்டர் டீசல் இருக்கு. நாளைக்குக் கடலுக்குப் போவணும். இன்னிக்கு எவனாவது சும்மா ஊரச் சுத்துவானா? சேத்து வெக்கணும்டி."

"ஒடம்பு டேங்க் இல்லங்க."

"எனக்குத் தெரியும் என் ஒடம்பு."

"தெரிஞ்ச லட்சணம்தான் ஊசி போட்டுக்கிட்டுக் கெடக்கறோம்."

டாக்டரம்மா கொடுத்த ஒரு தாளை வரலட்சுமி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். நாகராஜ் தண்ணீர் எடுக்கத் தினமும் அந்தக் கதவைத் திறந்தார். தாளைப் படித்ததில்லை. போதாததற்குச் சென்னையிலிருக்கும் மகள் சரிதா, அப்பாவின் போனில் அடி எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். நடந்தால் எண்ணிக்கை ஏறும். சாயங்காலம் வரலட்சுமி கையை நீட்டுவாள். போனைக் கொடுக்க வேண்டும். முதல் வாரம் எண்ணூறு அடி என்று காட்டியதற்கு அவள் பார்த்த பார்வை, பால்வாடியில் சிலேட்டை உடைத்த பிள்ளையைப் பார்த்த பார்வை.

அந்தப் பார்வையில்தான் நாகராஜின் மூளை வேலை செய்தது. அடி எண்ணுவது போன். யார் நடக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. போன் நடந்தால் போதும்.

தெரு முனை டீக்கடையில் காலை ஏழு மணிக்கு மீன் கூடையை இறக்கிவைத்து டீ குடிப்பாள் செல்வாம்பாள். பிள்ளைச்சாவடிக்காரி, தூரத்து உறவு. மாமா என்று கூப்பிடுவாள். கூடையைத் தலையில் தூக்கினால் கருவடிக்குப்பம் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் இறக்குவாள்.

"செல்வாம்பா, இந்தப் போன ஒன் சுருக்குப் பையில போட்டுக்க. சுத்தி முடிச்சதும் குடு."

"யார்கிட்ட பேசணும் மாமா?"

"யார்கிட்டயும் பேச வேணாம். நீ நடந்தா போதும்."

"நான் எப்பவும் நடக்கறதுதான. போனுக்கு இன்னா வந்துச்சு?"

நாகராஜ் விஷயத்தைச் சொன்னார். செல்வாம்பாள் சிரித்ததில் டீ புரையேறியது.

"ஒங்க வரலட்சுமி அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது."

"சத்தியமா நானா வாயத் தொறக்க மாட்டேன் மாமா."

ஒரு மணி நேரம் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டிப் பேப்பர் படித்தார். எட்டு மணிக்குப் போன் திரும்பி வந்தது. ஆறாயிரத்து இருநூத்துச் சொச்சம் அடி. அன்றைக்கு மத்தியானம் வீட்டில் நெத்திலிக் குழம்பு. சாயங்காலம் போனைப் பார்த்த வரலட்சுமி, "பரவால்லயே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாகராஜ் இன்னொரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டிருக்கலாமே என்று நினைக்குமளவுக்குச் சந்தோஷப்பட்டார்.

அதென்னவோ, மறுநாளிலிருந்து காலை ஏழிலிருந்து எட்டு வரைக்கும் வரலட்சுமி ஒரு போன்கூடப் போடவில்லை. கடைக்குப் போனால் மூணு தடவை கூப்பிட்டுக் கொத்தமல்லி, பச்சைமிளகாய் என்று சொல்கிறவள். அம்மன் தன் பக்கம் இருக்கிறாள் என்று நாகராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் செல்வாம்பாள் ஒரு குண்டைப் போட்டாள்.

"மாமா, போன டீக்கடையில வாங்கிக்கறேன். ஆனா இங்க திரும்பி வந்து குடுக்க முடியாது. பக்கத்து ரெண்டு தெருவும் தைப்பூசத்துக்கு மால போட்டிருக்கு, மீனு போவல. சித்தானந்தா கோயில் முனைக்கு வந்து வாங்கிக்கிங்க."

"அவ்ளோ தூரமா?"

"அஞ்சு நிமிசம் மாமா. மெதுவா வாங்க. நடுவுல ஒக்காந்துட்டுக்கூட வாங்க, நான் நிக்கறேன்."

வேறு வழி? நாகராஜ் திட்டிக்கொண்டே போனார். பாதியில் ஒரு வீட்டு வாசல் படியில் உட்கார்ந்தார். சேர்த்துவைத்த டீசலில் இவளுக்காக இவ்வளவு செலவாகிறதே என்று வயிறு எரிந்தது.

அதற்கு அடுத்த வாரம், கோயில் முனையில் நாய்த் தொல்லையாம். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு வரச் சொன்னாள்.

"ஒரு நாய்க்குப் பயந்து மணிக்கூண்டு வரைக்கும் ஓடுவியா?"

"ஒரு நாயி இல்ல மாமா, நாலு. வர முடியாதுன்னா போன நீங்களே வெச்சிக்கிங்க."

கழுத்துக்குக் கத்தி. ஆட்டோவில் போகலாம் என்று பார்த்தால், ஸ்டாண்டில் நின்ற அத்தனை டிரைவர்களும் வரலட்சுமியிடம் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். "டீச்சரம்மா நல்லா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியையே திருகுவார்கள். ஒருத்தன் வாய் திறந்தால் போதும். நாகராஜ் நடந்தார். ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு, செல்வாம்பாளின் ஏழு தலைமுறையையும் முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்.

மாசி பிறந்ததும் அவள் அடுத்ததைச் சொன்னாள். மணிக்கூண்டுக்கிட்ட வியாபாரம் டல்லாம். சோலை நகர் கடற்கரைக்கு வரணுமாம்.

"கடல் கரையிலயே மீன் விக்கறியாடி? வாங்கற எடத்துலயே விப்பியா?"

"அங்க வாக்கிங் வர்றவங்க வாங்கறாங்க மாமா."

"எனக்குக் கோவம் வந்துச்சின்னா என்ன செய்வேன் தெரியுமா?"

"வாங்க மாமா, கோவத்தோடயே வாங்க. வேகமா வந்துடலாம்."

வீட்டிலும் நிம்மதியில்லை. போனில் மீன் நாற்றம் அடித்தது. எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தார். "இன்னாங்க போனுக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டறீங்க" என்று கேட்டாள் வரலட்சுமி. மீன் கடை பக்கம் காத்து அடிக்குது என்று சமாளித்தார். தான் நடக்காத நடையை மறைக்க இத்தனை பாடா என்று அலுத்துப்போனது. இதில் ஒரு விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. துண்டைப் பிழிந்து கொடியில் போட ஆரம்பித்திருந்தார். சட்டையின் இரண்டு கைகளையும் நின்றுகொண்டே நுழைத்தார். பகலில் தூங்குவதும் முக்கால் மணி நேரத்தோடு நின்றது. எல்லாம் டீசல் சேர்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

மாசி மகம் வந்தது. ராஜவேல் காண்பித்த வண்டியை நாகராஜ் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மனுக்குப் பின்னால் இறங்கினார். மேளம் நின்ற இடத்தில் நின்றார். நீர்மோர்ப் பந்தலில் ரெண்டு தடவை உட்கார்ந்தார். கால் கடுத்தது, சூடு ஏறியது, முதுகு நனைந்தது. ஆனால் நடந்தார். அவருக்குப் போட்ட சேரில் அம்மாவாசை சித்தப்பா காலை நீட்டிக்கொண்டு வந்தார். "எப்பிடி இருக்கீங்க சித்தப்பா" என்று நாகராஜ் எட்டிக் கேட்க, "சாப்பிட்டேன்" என்றார்.

வைத்திக்குப்பத்தில் அம்மன் தண்ணீரில் இறங்கியபோது அலை அவர் முழங்கால் வரைக்கும் வந்தது. போன வருஷம் மாசி மகம் முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரி வரிசையில் ஃபைலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாபகம் வந்தது. ராஜவேல் ஓடி வந்து, "அண்ணே, நீ ஆளே மாறிட்ட" என்றான். அந்த ஒரு வார்த்தை நாகராஜின் தலைக்கு ஏறியது.

ஏறினால் சும்மா இருப்பாரா? வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவவில்லை.

"வரலட்சுமி, இப்படி வந்து ஒக்காரு. ஒரு உண்மை சொல்றேன்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "சொல்லுங்க" என்றாள்.

"ஒன் டாக்டரம்மா தோத்துட்டாங்க. நான் ஜெயிச்சிட்டேன். ஆறு வாரமா நான் வாக்கிங்கே போவல. போன் போச்சு. செல்வாம்பா சுருக்குப் பையில போச்சு. நான் டீக்கடையில ஒக்காந்து தெம்ப சேத்து வெச்சேன். இன்னிக்கு அத எடுத்துச் செலவு பண்ணேன். மூணு மணி நேரம் நடந்தேன். இப்ப இன்னா சொல்ற?"

வரலட்சுமி கீரைத் தண்டை உடைத்தாள்.

"செல்வாம்பா டெய்லி மீன் போடற வீட்டுல நம்ம வீடும் ஒண்ணுன்னு ஒங்களுக்கு ஞாபகமே வரலியா?"

நாகராஜ் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"மொத நாளே தெரியும். நம்ம வாசல்ல ஒக்காந்து நெத்திலி அள்ளிக்கிட்டு இருக்கா. சரிதா ஒங்களுக்குப் போன் போட்டிருக்கா. செல்வாம்பா இடுப்புல ஒங்க படகு ஹாரன் ரிங்டோன் பாம்முன்னு அடிக்குது. அவ பாவம், வாயே தொறக்கல. இடுப்பப் பொத்திக்கிட்டா."

"அப்பறம் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நடப்பீங்களா? வாயத் தொறக்காத புள்ளைக்கு ஸ்பூன மொகத்துக்கு நேரா நீட்டக் கூடாது." எழுந்து போய் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "இப்பவாவது படிங்க."

நாகராஜ் படித்தார். முதல் வாரம் ஐந்து நிமிடம், நடுவில் உட்காரலாம். அடுத்து பத்து நிமிடம். பிறகு பதினைந்து. பிறகு அரை மணி. முதல் மூணு வரிக்குப் பக்கத்தில் வரலட்சுமியின் குண்டு கையெழுத்து. கோயில் முனை. மணிக்கூண்டு. சோலை நகர்.

"அப்ப அந்த நாலு நாயி?"

"நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் செல்வாம்பாகிட்ட நான் சொல்லிக் குடுத்ததுதான்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க இந்த நாற்காலியில கெடந்தப்ப, மூச்சு வருதான்னு நான் எத்தன தடவ வந்து பாத்தேன் தெரியுமா? எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

நாகராஜ் கோபப்படலாம் என்று பார்த்தார், கோபம் வரவில்லை. ஏமாந்த கசப்பு மட்டும் இருந்தது. மூணு மணி நேரம் நடந்த காலை மடக்கி, மெதுவாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். எப்படியோ மாசி மகம் முடிந்தது. இனி யார் சொன்னாலும் எழுந்திருக்கப் போவதில்லை.

"சரி, ஜெயிச்சிட்ட. இதோட விடு."

வரலட்சுமி கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நாளையிலேருந்து செல்வாம்பா சோலை நகர் தாண்டி காந்தி சிலைகிட்ட நிப்பா, நீங்க வந்தீங்களான்னு அவளே சொல்லிடுவா, போன வீட்டுலயே வெச்சிட்டுப் போங்க."