பன்னிரண்டாம் நம்பர் நிற்கக் கூடாது

சனிக்கிழமை மதியம் பத்தொன்பது பேருக்கு உடம்பு சரியில்லாமல் போகப் போகிறது என்பது வியாழக்கிழமை காலையிலேயே ட்யூட்டி கிளார்க்குக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது லீவு லெட்டரும் மேஜை மேல் இருந்தன.

பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று எழுதிப் போடுவது அவர் வேலை. பதினோரு வருஷம் அவரே ஸ்டீயரிங் பிடித்தவர்தான். இடுப்பு மக்கர் செய்ததால் நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, வலி போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இடுப்பில் இருந்த வலி தலைக்கு ஏறியதுதான் மிச்சம்.

முதல் லெட்டரை எடுத்து, எதிரே நின்ற மீசை டிரைவரைப் பார்த்தார்.

"சனிக்கிழமை மூணரை மணியிலேருந்து வயித்துப்போக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இன்னிக்கு வியாழன்."

"கடைசி நேரத்துல சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் சார்."

அடுத்தவர் மாமனாருக்கு நெஞ்சுவலி என்று எழுதியிருந்தார்.

"உங்க மாமனார் போன சண்டைக்கே செத்துட்டாரேய்யா? நான்தானே லீவு குடுத்தேன்?"

"அது பெரியவர் சார். இது அவரோட தம்பி. அவரும் எனக்கு மாமனார் முறைதானே?"

கிளார்க் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு ஊர் ஸ்டேடியத்தில் உலக்கைக்கும் கரடிக்கும் சண்டை. குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்து, கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிற சண்டை. உலக்கை இந்த ஊர்க்காரன். வரிசையாகப் பதினோரு பேரைச் சாய்த்தவன். சாம்பியன் பெல்ட்டுக்கு மோதப்போகும் முதல் உள்ளூர் ஆள். கரடியோ நாலு வருஷமாக அந்த பெல்ட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன்.

"முதல் ரவுண்டுல கரடியை ஓட விடணும் சார்," என்றார் மீசை டிரைவர், யாரும் கேட்காமலே. "அவன் கனத்த உடம்பு. மூச்சு வாங்க ஆரம்பிச்சதும், ரெண்டாவது ரவுண்டுல பின்னாடி வந்து கழுத்துல இப்படி ஒரு பிடி..."

கிளார்க்கின் கழுத்து மீசை டிரைவரின் முழங்கைக்குள் போனது.

"விடுய்யா!"

"தட்டுங்க சார். தட்டினாத்தான் விடணும். அதான் ரூல்."

கிளார்க் மேஜையைத் தட்டினார். அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

மத்தியானம் மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாருக்கு வேணா லீவு குடு, குடுக்காமப் போ. பன்னண்டாம் நம்பர் மட்டும் நிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வழியா போற ஒரே வண்டி அது. நாலு மணிக்கு நர்ஸுங்க ஷிப்ட் மாறுது. இந்த மாசத்துல ரெண்டு தடவை நின்னுடுச்சு, ரெண்டு மெமோ வாங்கிட்டே. மூணாவது வந்தா உன்னைப் புறநகர் டிப்போவுக்குத் தூக்கி அடிச்சுடுவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

புறநகர் டிப்போ போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கிளார்க்கின் இடுப்பு அதைக் கேட்டதுமே வலித்தது.

யோசித்து யோசித்து, சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஐந்து பேருக்கு லீவு, பதினாலு பேருக்கு இல்லை. நியாயம் என்றால் இதுதான் நியாயம் என்று நினைத்தார். லீவு கிடைத்த ஐந்து பேரும் அவரைத் தெய்வம் என்றார்கள். கிடைக்காத பதினாலு பேரும் என்ன சொன்னார்கள் என்பதை எழுத முடியாது. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பதினாலு பேரும் ஒரே டாக்டரிடம் வாங்கிய சர்ட்டிபிகேட்டோடு வந்தார்கள். பதினாலிலும் ஒரே வியாதி. அதில் ஒரே எழுத்துப்பிழை.

மத்தியானம் சாப்பிடப் போனால் வீட்டிலும் நிம்மதி இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மாமியார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாப்பிள்ளே, கரடிக்கு இடது முட்டி சரியில்லையாம்."

"யார் சொன்னது?"

"காய்கறிக்காரர்."

"முட்டி சரியில்லேன்னா உதைக்க முடியாதும்மா," என்றாள் மனைவி. "உலக்கை நாலாவது ரவுண்டுக்கு இழுத்துட்டான்னா பெல்ட் நமக்குத்தான்."

நமக்கு என்ற சொல்லைக் கேட்டுக் கிளார்க் சாப்பிடுவதை நிறுத்தினார். இந்த வீட்டில் போன மாதம் வரை கொசுவை அடிப்பதற்குக்கூட இரண்டு பேரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. டிப்போ ஓய்வறையில் ஒரு பெரிய டிவி வைத்துவிட்டால்? லீவே வேண்டாமே! வேலைக்கு வந்தபடியே பார்க்கலாமே!

சொன்னதும் பத்தொன்பது பேருக்கும் உடம்பு குணமாகிவிட்டது. லெட்டர்களை வாபஸ் வாங்கினார்கள். சின்ன மாமனாரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் எல்லோருமே நாலு மணிக்குத்தான் டீ பிரேக் வேண்டும் என்றார்கள். விஷயம் பரவி, காலை ஷிப்ட் முடிந்து போக வேண்டியவர்களும் போக மாட்டோம் என்றார்கள். மெக்கானிக்குகள் பாதி கழற்றிய இஞ்சினை அப்படியே விட்டுவிட்டுப் பெஞ்சு பிடிக்க வந்தார்கள்.

கிளார்க் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அட்டவணையைத் திரும்ப எழுதினார். இதை முன்னால் தள்ளி, அதைப் பின்னால் தள்ளி, ஏழாம் நம்பரை இருபத்திரண்டில் கோத்து, நாலிலிருந்து ஐந்து வரை எல்லா வண்டிக்கும் ஓய்வு வருகிற மாதிரி செய்துவிட்டார். பன்னிரண்டாம் நம்பர் மட்டும் எந்தப் பக்கம் தள்ளினாலும் திரும்பி வந்து நாலு மணியிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரே ஒரு டிரைவர் வேண்டும்.

டிப்போவில் சாமியார் என்று ஒரு டிரைவர் இருந்தார். யாரோடும் பேச மாட்டார். கட்சி, சினிமா, விளையாட்டு எதைப் பற்றியும் வாயைத் திறந்ததில்லை. கிளார்க் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார்.

"நாளைக்கு நாலு மணி பன்னண்டை நீங்க எடுக்கணும்."

சாமியார் ரொம்ப நேரம் யோசித்து, "சரி," என்றார்.

கிளார்க்குக்கு அன்றைக்கு ராத்திரிதான் தூக்கம் வந்தது.

சனிக்கிழமை மூன்றே காலுக்கு ஓய்வறையை எட்டிப் பார்த்தார். பெஞ்சுகள் நிறைந்து, டயர்கள் மேலும் ஆட்கள். முன் நாற்காலியில் மானேஜர். அவருக்குப் பக்கத்தில் கிளார்க்கின் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் மாமியார்.

"நீ இங்க எங்கே?"

"இங்க டிவி பெரிசுன்னு சொன்னாங்களேங்க. அம்மாவுக்குக் கண்ணு தெரியலைல்ல."

இரண்டாவது வரிசையில், முகத்தில் பாதி சிவப்பும் பாதி மஞ்சளும் பூசிக்கொண்டு, நெஞ்சில் உலக்கை படம் போட்ட பனியனோடு ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். சாயத்துக்குள் இருந்த முகத்தைக் கண்டுபிடிக்கக் கிளார்க்குக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சாமியாரே! பன்னண்டு?"

"உலக்கை எங்க தெருப் பையன் சார்," என்றார் சாமியார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அரை டவுசர்ல ஓடினப்பவே பாத்தவன் நான். இன்னிக்கு நான் வண்டி ஓட்டினா என் கை நடுங்கும். ஜனங்க உயிரு சார்."

கிளார்க் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் திரும்பாமலே, "பன்னண்டு நிக்கக் கூடாது," என்றார்.

சுவரில் மாட்டியிருந்த சாவியைக் கிளார்க்கே எடுத்துக்கொண்டார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபோது இடுப்பில் சுரீரென்றது. யாரும் வழியனுப்ப வரவில்லை. காவலாளிகூட கேட்டைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே ஓடியிருந்தார்.

தெருக்களைத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கடைகள் பாதி ஷட்டர் இறக்கியிருந்தன. சிக்னல் யாருக்கும் இல்லாமல் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தது. வழியில் ஏறிய ஆறு நர்ஸுகளும் ஆஸ்பத்திரியில் இறங்கி, வார்டு டிவியை நோக்கி ஓடினார்கள். இறங்கி வர வேண்டியவர்கள் ஒருவரும் வரவில்லை. நோயாளிகளை விட்டு வர மனமில்லை என்று ஒரு அம்மா ஜன்னலிலிருந்து சொன்னார். டிவி அவர் முதுகுக்குப் பின்னால் அலறியது.

மூன்று நாளாக இவ்வளவு பாடுபட்டது இதற்குத்தான். காலி வண்டியைக் கிளார்க் கிளப்பினார். இனி ஊர்க்கோடி நீரேற்று நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

மார்க்கெட் முக்கில் ஒருவர் ஓடி வந்து கையை நீட்டினார். தொப்பி வைத்த ஸ்வெட்டர், வாயை மறைத்து முகமூடி, தோளில் பை. அகலமான உடம்பு. ஏறியவர் டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் பொத்தென்று உட்கார்ந்து, ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டார். மூட்டை தூக்குகிற ஆளாக இருக்கும், பாவம், இவருக்கும் லீவு தரவில்லை போலிருக்கிறது என்று கிளார்க் நினைத்தார். மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு மனிதன் மேல் அவருக்குப் பிரியம் வந்தது.

"நீங்க சண்டை பாக்கலையா தம்பி?"

"இல்லண்ணே."

"அப்பாடா! ஊர்ல நாம ரெண்டு பேராவது இருக்கோம்."

அதற்கு மேல் கிளார்க்கால் அடக்க முடியவில்லை. லீவு லெட்டர், சின்ன மாமனார், சர்ட்டிபிகேட், சாமியார் என்று எல்லாவற்றையும் கொட்டினார். அந்த ஆள் ஊம் கொட்டிக் கேட்டார். நடுவில் ஒரு தடவை கேட்டார்:

"அவன் தோத்துட்டான்னா ஜனங்க என்னண்ணே பண்ணுவாங்க?"

"யாரு, உலக்கையா? தோத்தாத் தோத்துட்டுப் போறான். அவனும் மனுஷன்தானே? திங்கட்கிழமை காலையில நான் மறுபடி ட்யூட்டி போடணும். அவ்வளவுதான்."

பின்சீட்டிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"இப்படி ஒருத்தர் சொல்லி இப்பத்தான்ணே கேக்குறேன்."

நாலரை மணிக்கு நீரேற்று நிலையத்தில் வண்டியை நிறுத்தியபோது மனைவி போனில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"என்னாச்சு? யார் ஜெயிச்சது?"

"எங்கே ஆரம்பிச்சாங்க? கரடி கூண்டுக்குள்ள வந்து அரை மணி நேரமா நிக்கிறான். உலக்கைக்குப் போடுற பாட்டை ஆறு தடவை போட்டாச்சு, ஆளைக் காணோம். அம்மா அழுறாங்க. உங்க மானேஜரும் அழுறாருங்க."

போனை வைத்துவிட்டுக் கிளார்க் வண்டியைத் திருப்பத் தயாரானார்.

"கடைசி ஸ்டாப் தம்பி. இறங்கலையா?"

அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. பையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"நேத்து என்னையும் அந்தக் கரடியையும் நேருக்கு நேரா நிக்க வச்சாங்கண்ணே... இதுக்கும் அந்தாண்ட போற பஸ் ஏதாவது இருக்கா?"